என் வீட்டுக்காரர் சட்டை போய்வந்த ஊர்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாந்துபோவார்கள். எண்பதுகளின் பின்பாதியில், சிட்லபாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், இந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு நான் தெருப் படம் எடுக்கக் கிளம்பினேன். அதற்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் இருந்தது கேமரா மட்டும்தான்.

அந்தக் கேமராவும் எனக்கென்று வந்ததில்லை. என் நாத்தனாரின் கணவர் மஸ்கட்டிலிருந்து வந்தபோது தன் மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஆசையாகக் கொடுத்தது. அவர் ஃபிலிம் மாட்டத் தெரியாமல் மூன்று முறை வெளிச்சம் காட்டிக் கெடுத்தார். நாலாவது முறை நான் பிடுங்கிக்கொண்டேன். நான் எதைப் பிடுங்கினாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதனால்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

என் ஆபீசுக்குப் பக்கத்து நூலகத்தில் புகைப்படக் கலை பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ஆட்களை அவர்களுக்கே தெரியாமல் எடுக்க வேண்டும், அப்போதுதான் வாழ்க்கை படத்தில் விழும் என்று அதில் எழுதியிருந்தது. வாழ்க்கையைப் பிடிக்க நான் தேடிக்கொண்டது எங்கள் காலனிக்குப் பக்கத்துத் தெருவை.

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி எங்கள் காலனிக்கு அந்தத் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் நெல் விளைவித்த குடும்பங்களின் ஓட்டு வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கும். வயலெல்லாம் மனையாகி எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும், அந்தக் குடும்பங்கள் மெயின் ரோட்டில் மாடி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டன. ஓட்டு வீடுகளை அறை அறையாகத் தடுத்து வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். டீக்கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கம். எங்கள் காலனிக்கு இரவுக் காவல் இருந்த கூர்க்கா நேபாளம். சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவர் ராஜஸ்தான். பர்மாவிலிருந்து திரும்பிவந்த ஒரு குடும்பம் மாலையில் நூடுல்ஸும் முட்டையும் போட்டு அத்தோ விற்றது. காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஐந்து பாஷையில் சண்டை கேட்கும், எல்லாம் ஒரே குழாயடிக்காக.

எங்கள் காலனியின் இஸ்திரிக்காரரும் அந்தத் தெருதான். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காலனி முனையில் பூவரச மரத்தடியில் அவர் வண்டி நிற்கும். அந்த இடம் அவருக்குக் கிடைத்த கதையை, நாங்கள் குடிவருவதற்கு முன்னால் நடந்தது, சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன்னால் அங்கே வண்டி போட்டிருந்தவர், காலனி சங்கச் செயலாளரின் பட்டு வேட்டியில் கட்டைவிரல் அளவுக்குத் தீய்த்துவிட்டார். செயலாளர் வீடு வீடாகப் போய் அந்த வேட்டியை விரித்துக் காட்டினார். மறுநாள் ஒரு வீட்டிலிருந்தும் துணி வரவில்லை. அதற்கு மறுநாள் வண்டியே இல்லை. எங்கள் இஸ்திரிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் செயலாளர் வீட்டுக் கைக்குட்டையைக்கூட அவர் பூஜைப் பொருள் மாதிரிதான் தூக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கேமராவோடு அந்தத் தெருவில் இறங்கினேன். டீக்கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பனியனோடு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஆவி மேலே போகிறது, பின்னாலிருந்து வெயில். எனக்குக் கை பரபரத்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற நேரத்தில் அவர் பார்த்துவிட்டார்.

"ஐயோ சேச்சி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார். கடைக்குப் படுதாவை இழுத்து விட்டார். உள்ளே போனார். டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு என்னை முறைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தலை படிய வாரி, முகத்தில் பவுடர் அப்பி, முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பித்தான் மாட்டிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"டீ ஆத்துங்க, சாதாரணமா இருங்க" என்றேன்.

"இந்தச் சட்டையோடயா?" என்று அவர் பதறிப்போனார்.

அந்தத் தெருவில் யாரை எடுக்கப் போனாலும் இதே கதைதான். "ஒரு நிமிஷம்" என்று ஐந்து பாஷையில் சொன்னார்கள். கூர்க்கா தூங்கி வழிந்துகொண்டிருந்த கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து உள்ளே ஓடினார். பாத்திரக்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அத்தோ விற்கும் அம்மா வாணலியை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பட்டுப்புடவையில் வந்தார். வாழ்க்கை படத்தில் விழுவதாவது. நான் போனாலே அந்தத் தெருவில் வாழ்க்கை நின்றுபோய்விடும். எனக்கு எரிச்சலில் தலை வெடித்தது. நடுத்தெருவில் நின்று, "இனிமே யாராவது பவுடர் போட்டீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கத்தினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்கு அந்தப் படங்கள் ஊருக்கு அனுப்ப. அதுதான் விஷயம். எனக்கு ஒரு பிரதி, அவர்களுக்கு ஒரு பிரதி என்று ஒரு ஏற்பாடு தானாகவே உண்டாகிவிட்டது. நானும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். அவர்கள் விறைப்பாக நிற்கும்போது ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியதை அதற்கு முன்னால் எடுத்துக்கொள்வேன். வாசலில் நின்று கைப்பித்தானோடு மல்லுக்கட்டுவது, ஒருவர் காலரை இன்னொருவர் சரிசெய்வது, சைக்கிள் கண்ணாடியில் மீசையைப் பார்ப்பது. அந்த நேரத்தில் யாரும் என்னைக் கவனிக்க மாட்டார்கள். படம் எடுத்துக்கொள்ளத் தயாராவதுதான் அந்தத் தெருவின் ஞாயிற்றுக்கிழமை வாழ்க்கை என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

ஒன்று மட்டும் புரியவேயில்லை. படம் எடுத்து முடித்ததும் ஆண்கள் எல்லோரும் பின்பக்கமாக நடந்தே வீட்டுக்குள் போனார்கள். கூர்க்கா சலாம் வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போய்க் கதவில் இடித்துக்கொள்வார். டீக்கடைக்காரரும் அப்படித்தான், பாத்திரக்காரரும் அப்படித்தான். எனக்கு முதுகைக் காட்டக் கூடாது என்கிற மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன். என் வீட்டுக்காரரிடம்கூட, "அந்தத் தெருவுல என்னை எப்படி வச்சிருக்காங்க தெரியுமா? கோவில்ல சாமி முன்னாடிகூட நீங்க அப்படி நடக்க மாட்டீங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

அவரோடு அப்போது அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் பவுடர். அவரிடம் ஒரு நல்ல சட்டை உண்டு, அவர் தங்கை கல்யாணத்துக்குத் தைத்தது. இளநீலத்தில் மெல்லிய கோடு போட்டது. என் வீட்டுக்காரர் கொஞ்சம் வாட்டசாட்டம், அதனால் சட்டையும் தாராளமாக இருக்கும். மற்ற துணியெல்லாம் இஸ்திரிக்காரரிடமிருந்து சனிக்கிழமையே வந்துவிடும். இந்தச் சட்டை மட்டும் திங்கள் காலையில்தான் வரும். கேட்டால், "காலர் கெட்டிமா, ரெண்டு தபா போடணும்" என்பார். திங்களன்று அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டு வருகிற என் வீட்டுக்காரரின் கழுத்தில் பவுடர் வாசம் அடித்தது. அவருக்குப் பவுடர் பழக்கமே கிடையாது. ஒரு வாரம் பவுடர், அடுத்த வாரம் தேங்காய் எண்ணெய், அதற்கடுத்த வாரம் ஏதோ சந்தனம்.

"உங்க ஆபீஸ்ல எத்தனை டைப்பிஸ்ட்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர். ஒருத்தர் அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்" என்றார். பிறகு அவர் பாட்டுக்கு, "இஸ்திரி வண்டில எல்லார் துணியும் ஒண்ணா கிடக்குது, அதுல ஒட்டியிருக்கும்" என்றார்.

எவ்வளவு சரியான பதில் பாருங்கள். நான் நம்பவில்லை. இரண்டு வாரம் அவருக்கு ரசமும் அப்பளமும் மட்டும் போட்டேன். அவர் அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டதால் எனக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது.

அந்த வருஷம் பொங்கலுக்குக் காலனி சங்கம் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தது. காலனியில் கேமரா வைத்திருந்தவர்கள் ஐந்தே பேர். ஆனால் பட்டணத்திலிருந்து ஒரு நடுவர் வருகிறார், பத்திரிகைகளுக்குப் படம் எடுத்து ஓய்வு பெற்றவர், முதல் பரிசு வாங்குகிறவரின் படங்களைப் பட்டணத்தில் ஒரு கலைக்கூடத்தில் மாட்ட ஏற்பாடு செய்வார் என்று சொன்னார்கள். எனக்கு அது வேண்டும் என்று வெறியாகிவிட்டது. ஆபீசில் ஃபைல் கட்டுகிறவள், வீட்டில் குழம்பு வைக்கிறவள், என் பெயர் போட்ட ஒரு சுவர் எனக்கு வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பன்னிரண்டு படங்களைப் பொறுக்கித் தாம்பரத்து ஸ்டூடியோக்காரரிடம் பெரிதாகப் போடச் சொன்னேன். எல்லாம் கறுப்பு வெள்ளை, அதைத்தான் அவர் தன் இருட்டறையிலேயே கழுவித் தருவார். அதுவரை நான் பார்த்ததெல்லாம் உள்ளங்கை அளவுப் படங்கள். பெரிய படங்களை அவர் கடைசி நாள்வரை இழுத்தடித்து, கண்காட்சியன்று மத்தியானம் நேராகச் சங்கத்து ஹாலுக்கே கொண்டுவந்து, அவரே மாட்டியும் விட்டார். நான் புடவை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. காலனி மொத்தமும் முன்வரிசையில் இருந்தது. வாசல் ஓரமாக அந்தத் தெருக்காரர்கள் தங்கள் படத்தைப் பார்க்க வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். இஸ்திரிக்காரரும் அவர்களோடு நின்றார். அவர் ஒருவர்தான் என்னிடம் படமே எடுத்துக்கொள்ளாதவர்.

நடுவர் என் படங்களின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "யாருமே போஸ் குடுக்கல. எப்படிம்மா உங்களை இவ்வளவு நம்பினாங்க? இதுதான் நேச்சுரல்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, அவர் எதைப் பார்க்கிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

கூர்க்கா கைப்பித்தான் மாட்டுகிற படம். சட்டைப் பைக்குப் பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி ஒரு தையல். ஓடுகிற ரயிலில் கதவுக் கொக்கி மாட்டிக் கிழிந்த சட்டையை, கோபத்தில் நிறம் பார்க்காமல் கறுப்பு நூலால் கோணல் மாணலாகத் தைத்த கை என்னுடையது. அந்தத் தையலை உலகத்தில் வேறு யாரும் போட முடியாது. எடுக்கிறபோது முகத்தையும் கையையும் வெளிச்சத்தையும்தான் பார்த்திருக்கிறேன், துணியைப் பார்த்ததே இல்லை. அடுத்த படத்தில் டீக்கடைக்காரர், அதே எறும்பு வரிசை. பாத்திரக்காரரின் தம்பி, அதே வரிசை. பன்னிரண்டில் ஏழு படங்களில் என் வீட்டுக்காரரின் சட்டை இருந்தது. அதில் ஒரு படத்தில் ஒருவர் பாதி திரும்பியிருந்தார், முதுகில் தாராளச் சட்டையைப் பிடித்து வரிசையாக ஊக்குகள் குத்தியிருந்தன. அவர்கள் பின்பக்கமாக நடந்தது என் மேல் இருந்த மரியாதையால் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. பவுடர் கூர்க்காவுடையது, தேங்காய் எண்ணெய் டீக்கடைக்காரருடையது, நான் பாவம் அந்த மனுஷருக்கு இரண்டு வாரம் ரசம் ஊற்றியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன் சட்டையின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கிற மாதிரி நின்றிருந்தார்.

அப்போதுதான் செயலாளரின் மனைவி, "இது என் புடவையாச்சே" என்றார்.

அத்தோ விற்கும் அம்மா பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரிசெய்கிற படம் அது. "முந்தானைல மயில் பாருங்க, ஒரு மயிலுக்கு மட்டும் தோகை குட்டை. எங்க அண்ணா காஞ்சிபுரத்துல சொல்லி நெய்ய வச்சது." எல்லோரும் குனிந்து மயிலைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் எல்லாப் படத்திலும் தங்கள் துணியைத் தேட ஆரம்பித்தார்கள். பாத்திரக்காரர் போட்டிருந்த சஃபாரி சூட்டின் முன்னால் செயலாளர் வந்து நின்றார். தன் மேல் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கும் அவர் போட்டிருந்தது அதே சூட்தான்.

"இதெல்லாம் இஸ்திரிக்குப் போட்ட துணி" என்று செயலாளர் நிதானமாகச் சொன்னார். "அந்த ஆளைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இஸ்திரிக்காரர் வாசலில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தீய்ந்த வேட்டி வீடு வீடாகப் போன கதை எனக்கு ஞாபகம் வந்தது. கட்டைவிரல் அளவுக்கே வண்டி போய்விட்டது, இங்கே பன்னிரண்டு படம் சுவரில் தொங்குகிறது. அவரை மாட்டிவிட்டவள் நான்.

எனக்கு இஸ்திரிக்காரர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடேயே, "அவரைக் கேக்க வேண்டாம். நான்தான் வாங்கினேன்" என்றேன்.

"நீங்களா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கேட்டா குடுத்திருப்பீங்களா? படத்துக்கு நல்ல துணி வேணும்னு அவரை மிரட்டி வாங்கினேன். முடியாதுன்னார், நான் விடல. என் வீட்டுக்காரர் சட்டையும்தான் இருக்கு, நல்லா பாருங்க."

நான் மிரட்டினேன் என்பதை அந்தக் காலனியில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. என் கோபத்துக்கு இருந்த பெயர் அன்றைக்கு ஒரு நாள் உதவியது. ஆனால் நடுவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா இது நீங்க டிரெஸ் பண்ணி, செட் பண்ணி எடுத்ததாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. இதைவிட நிஜமான படம் ஐயா நீர் பார்த்திருக்க மாட்டீர் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. வாசலைப் பார்த்தேன். "ஆமா சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். முதல் பரிசு செயலாளரின் மருமகன் எடுத்த கோவளம் சூரிய உதயத்துக்குக் கிடைத்தது. ஒரு படகு, ஒரு சூரியன், ஒரு காக்கா. இன்றைக்கும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு நடக்கும்போது அழுகை வந்தது. தெரு விளக்கு இல்லாத இடமாகப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "என் சட்டை நேபாளம் போயிருக்கு, ராஜஸ்தான் போயிருக்கு, பாலக்காடு போயிருக்கு. நான் திருப்பதியத் தாண்டினதில்ல." அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவருக்கு வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் செய்து போட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை, இரண்டாவது கரண்டி ரோஸ்ட் வைத்தேன், அவருக்குப் புரிந்தது.

காலையில் பூவரச மரத்தடிக்குப் போனேன். வண்டி இருக்காது என்று நினைத்தேன். வண்டி இருந்தது, அவரும் இருந்தார், கரியே போடாத இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன்.

"வந்த வருசத்துலேர்ந்தே கீது மா, நீங்க வர்றதுக்கு முன்ன தாம்பரம் ஸ்டூடியோல போய் எடுப்பாங்கோ" என்றார். பொய் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெயமை மட்டும்தான். போட்டோக்கு மட்டும்தான். கண்ணாலத்துக்குக் கேட்டாங்கோ, தரல. தீவாளிக்குக் கேட்டாங்கோ, தரல. போட்டோன்னா அஞ்சு நிமிசம், அப்பால வாங்கி, ஒதறி, பெட்டி போட்டு வச்சிடுவேன்."

"எதுக்கு?"

"ஊருக்குப் போவுதுல்ல மா அந்தப் போட்டோ. அந்தக் கூர்க்கா இருக்கான்ல, அவங்க அம்மா, மெட்ராஸ்ல புள்ள சாப்புடறானோ இல்லியோன்னு அயுதுகினே கீதாம். இந்தப் போட்டோ போச்சு. அயுவறத வுட்டுட்டு, அக்கம்பக்கம் எல்லாம் காட்டிக்கினு கீதாம். சார் சட்டைதான் மா எல்லாருக்கும் ராசி. ஊக்கு குத்துனா யாருக்கும் கரெக்டா வரும்."

திட்ட வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு டீச்சர் ஒரு மூட்டைத் துணியோடு வந்தார். போச்சு, இவர் ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாரானேன். டீச்சர் இஸ்திரிக்காரரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நானும் நாலு புடவை அவர்கிட்ட போட்டிருந்தேன். உங்க படத்துல ஒண்ணுகூட வரலை. அவ்வளவு மட்டமாவா இருக்கு என் புடவை?" என்றார்.

இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று பத்து மணிக்குள் வண்டியில் இடமில்லை. இதுவரை பீரோவை விட்டு வெளியே வராத பட்டெல்லாம் வந்தது. இரண்டு நாள் கழித்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, சஃபாரி சூட் படத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார். அந்த சூட் பாத்திரக்காரருக்குத் தன்னைவிட நன்றாகப் பொருந்தியிருப்பதாக அவர் மனைவி சொன்னாராம், சரிபார்க்க வேண்டுமாம். வண்டியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

அந்த வாரம் துணி கொடுக்க வீட்டுக்கு வந்த இஸ்திரிக்காரரைக் கேட்டேன். "எல்லாருக்கும் சட்டை குடுத்தீங்க. நீங்க ஏன் ஒரு படம் எடுத்துக்கல? ஒன்பது வருஷத்துல ஊருக்கு ஒண்ணும் அனுப்பலையா?"

"எங்க நாயினாவும் பெட்டி போடறவர்தான் மா" என்றார். நாயினா என்றால் அவர் அப்பா. "அவர ஏமாத்த முடியாது. சொந்தச் சட்டைன்னா தோள்ல உக்காரும். இரவல் சட்டை தோள்ல நிக்கும். கூர்க்கா அம்மாக்குத் தெரியாது. எங்க நாயினா போட்டோவப் பாத்த ஒடனே இது யார் வூட்டுச் சட்டைடான்னு கேட்டுடும்."

உள்ளே போய் அந்த இளநீலச் சட்டையை எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டே, "நல்லா ஊர் சுத்தின சட்டை, வீட்ல நிக்காது, அவருக்கே குடுத்துடு" என்றார். இஸ்திரிக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளா கேக்காம எடுத்தீங்க, இப்ப குடுத்தா வேணாமா?" என்று ஒரு சத்தம் போட்டேன். வாங்கிக்கொண்டார்.

"கேமராவை எடுத்துட்டு வரேன், நில்லுங்க" என்றேன்.

"இப்ப வேணாம் மா. இது இன்னும் சார் சட்டைதான். நான் கொஞ்சம் போட்டுக்கறேன்."

ஊக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அவர் மனைவி பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் தினமும் அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் நின்றார். கரிச்சூட்டில் வியர்த்து, துவைத்து, காய்ந்து, மறுபடி வியர்த்து, இளநீலம் கொஞ்சம் வெளுத்தது. எறும்பு வரிசை மட்டும் அப்படியே இருந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்து கதவைத் தட்டினார். "இப்ப எடுங்க மா" என்றார். பவுடர் போடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கையைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடந்து போனார்.

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பதில் வர இருபது நாள் ஆயிற்று. அவர் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மரத்தடியில் நின்று எனக்கு அந்தக் கடிதத்தைத் தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் படித்துக் காட்டினார். சுகம், சுகமறிய ஆவல், எருமை கன்று போட்டது, கூரைக்கு ஓலை மாற்றினோம். கடைசியில் இரண்டு வரி. அதை மெதுவாகப் படித்தார்.

"போட்டோ வந்தது. சட்டை உன்னுதுதான். ஆனா இடது கை மடிப்பு சரியா வுழல, ஊருக்கெல்லாம் பெட்டி போடறவன் உன் சட்டைய ஒயுங்கா போட்டுக்க மாட்டியா?"

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார், எறும்பு வரிசைக்குப் பக்கத்தில். பிறகு இடது கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா மா, வுழல" என்றார்.